ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை

எந்த இடத்திலும் கால் வைப்பதற்கு முன் அவள் வலது பாதத்தின் நுனியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பாள். பேருந்தின் படி, பள்ளிக்கூட வராந்தா, சொந்த வீட்டுக் குளியலறை, எதுவானாலும் சரி. சத்தம் வராது. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல் ஒரு தட்டு. பதிலுக்குக் காத்திருப்பதுபோல் அரை நொடி. பிறகுதான் முழுப் பாதமும் இறங்கும். வங்கியின் வழவழப்பான தரையை அவள் இப்படித் தட்டிவிட்டு நுழைந்ததைப் பார்த்த காவலாளி, "தரை ஒண்ணும் உள்ள போயிடாதும்மா, தைரியமா வாங்க" என்றார். அவள் தலையாட்டினாள். அடுத்த மாதமும் தட்டிவிட்டுத்தான் நுழைந்தாள்.

அவளுக்கு ரயில்பாதையில் வேலை. தினமும் ஐந்து கிலோமீட்டர் தண்டவாளத்தை ஒட்டி நடந்துபோய், அதே ஐந்தைத் திரும்பி நடந்துவர வேண்டும். அந்த ஐந்து கிலோமீட்டருக்கு பீட் என்று பெயர். தோளில் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியல், இடுப்புப் பையில் ஸ்பேனர், கக்கத்தில் சுருட்டிய சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். தண்டவாளத்தைக் குறுக்குக் கட்டைகளோடு கவ்விப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்புகள் ரயில் போகப்போகத் தளரும். தளர்ந்ததை அடித்து இறுக்க வேண்டும். கழன்று ஜல்லியில் கிடப்பதைத் தேடி மாட்ட வேண்டும். இந்த வேலை பார்ப்பவருக்குக் கீமேன் என்று பெயர். பெண் பார்த்தாலும் கீமேன்தான். பாதை கேங்கில் இருந்த ஏழு ஆண்களும் இதைப்பற்றி ஒரு வாரம் யோசித்துவிட்டு, அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்துப் பிரச்சினையை முடித்துக்கொண்டார்கள்.

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. உயரம் ஐந்தடி பத்தங்குலம். அதில் கால்களின் பங்கு கொஞ்சம் கூடுதல்.

சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் திரும்பிவிடுவாள். அவசரம் என்று எதுவும் கிடையாது. அவளுடைய எட்டு அப்படி. கூட வரும் தோழிகள் ஓட்டமும் நடையுமாகக் கொஞ்ச தூரம் வந்து, ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்வார்கள். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை.

"எதுக்குடி இப்படி அகலக் கால் வச்சு நடக்கிற? நிலம் அளக்கவா போற?"

"நான் சாதாரணமாத்தாம்மா நடக்கிறேன்."

"உனக்கு அது சாதாரணம். பாக்கிறவங்களுக்கு ஏதோ வீட்டுல தீப்பிடிச்ச மாதிரி இருக்கு."

அம்மா தையற்காரி. சொல்லித் திருத்த முடியாததைத் தைத்துத் திருத்திவிடலாம் என்று நம்பினாள். மகளுடைய பாவாடையின் கீழ்ச்சுற்றை ஒரு முழம் குறைத்துத் தைத்தாள். நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் முழங்காலுக்குப் பக்கத்தில் தையல் விட்டது. இரட்டை நூல் போட்டாள். இந்தமுறை தையல் நின்றது. அதை ஒட்டித் துணி கிழிந்தது. கிழிசலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல தோல்லதான் தைக்கணும்" என்று மடித்து வைத்தாள். தையல் எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்தாலே உடுத்தியவர் எப்படி நடக்கிறார் என்று தெரிந்துவிடும். அம்மா சொல்லித்தராமலே மகளுக்கு வந்த தொழிலறிவு அது ஒன்றுதான்.

வாய்த்த கணவன் அவளைவிட ஒரு சாண் குட்டை. ஸ்டுடியோவில் போட்டோக்காரர் முதலில் அவனை உட்காரவைத்து அவளை நிற்கவைத்தார். அவள் தலை சட்டத்துக்குள் வரவில்லை. பிறகு அவளை உட்காரவைத்து அவனை நிற்கவைத்தார். அவன் உயரமாகத் தெரிந்தான், ஆனால் நம்பும்படி இல்லை. கடைசியில் இருவரையும் உட்காரவைத்து அவனுக்கு அடியில் ஒரு டெலிபோன் டைரக்டரியைச் செருகினார். போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

தெருவில் சேர்ந்து நடந்தால் அவளுடைய இரண்டு எட்டுக்கு அவனுக்கு மூன்று ஆகும்.

"கொஞ்சம் மெதுவாத்தான் போயேன். ரயிலையா பிடிக்கப் போறோம்?"

"நீங்கதானே ரயில்ல வேலை பாக்கிறீங்க. நீங்க சொன்னா அது நிக்காதா?"

"நான் சொன்னா நீயே நிக்க மாட்டேங்கிற."

அவன்தான் அப்போது கீமேன். மாதம் ஒருமுறை அவனுடைய காக்கிக் கால்சட்டை கிழிந்து வரும். முழங்காலில் இல்லை, பின்பக்கத்தில் இல்லை. சரியாகக் கவட்டில், குறுக்குத் தையல் கூடும் இடத்தில். அவள் உட்கார்ந்து தைப்பாள். குட்டையான ஆளுக்கு அந்த இடத்தில் தையல் விடவே கூடாது.

"அப்படி என்னத்தங்க தாண்டுறீங்க?"

"பாலத்தைத்தான்" என்பான். அவள் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பன்னிரண்டாம் நாள் அவள் மட்டும் திரும்பி வந்தாள். வீட்டில் ஒன்பது வயது மகளும் மாமனாரும் இருந்தார்கள். ரயில்வே கொடுத்த இரண்டு அறை வீடு. பின்பக்கம் குழாயடி, அதன் பக்கத்தில் அவனுடைய சாமான்கள். பழைய ஸ்பேனர், கயிறு, மூடி துருப்பிடித்த வெள்ளைப் பெயிண்ட் டப்பா, முடி உதிர்ந்த பிரஷ்.

அவனுடைய வேலையையே அவளுக்குக் கொடுத்தார்கள். எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்ட குமாஸ்தாவிடம், "நடக்கிற வேலைதானே?" என்று மட்டும் கேட்டாள்.

நடக்கிற வேலைதான். ஆனால் அவள் நடக்கிற மாதிரி நடக்க முடியாத வேலை. பாதையில் கட்டைக்குக் கட்டை இரண்டடி. அவளுடைய எட்டு அதைவிட ஒரு சாண் நீளம். ஒவ்வொரு கட்டையாக வைத்தால் கால் போதாமல் தவிக்கும். இரண்டிரண்டாக வைத்தால் எட்டாது. இடையில் இருக்கும் ஜல்லியில் வைத்தால் கணுக்கால் பிசகும். முதல் மாதம் முழுக்க அவள் கட்டையோடு சண்டை போட்டாள். ஐந்தாவது மாதம் கட்டை ஜெயித்தது. கால்கள் இரண்டடிக்குச் சுருங்கின. பாதையில் மட்டுமல்ல, தெருவிலும், வீட்டிலும். பார்க்க வந்த அம்மா, குழாயடியிலிருந்து வாளியோடு வரும் மகளைக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"இப்பத்தான்டி பொம்பள மாதிரி நடக்கிற. பத்து வருஷம் நான் தைச்சு ஆகாதது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். காப்பி போடப் போனாள்.

இதுவரை எல்லாம் தரையில் நடந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் பாலம் இருந்தது.

ஆற்றின் மேல் நூற்றெண்பது மீட்டர் இரும்புப் பாலம். அதில் ஜல்லி கிடையாது, தரை கிடையாது. இரும்பு உத்தரங்கள்; அவற்றின் மேல் நானூறு மரக்கட்டைகள்; கட்டைகளின் மேல் தண்டவாளம். கட்டை ஒரு சாண் அகலம், இடைவெளி ஒரு சாண்; கட்டைக்குக் கட்டை ஒன்றரையடி. இடைவெளி வழியாகப் பார்த்தால் நாற்பதடி கீழே தண்ணீர். நடுவில் நடப்பதற்கு இருந்த இரும்புத் தகடுகள் துருப்பிடித்துப்போய்க் கழற்றப்பட்டுவிட்டன. புதுத் தகடு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் கட்டையும் உத்தரமும் பாலத்துறையின் பொறுப்பு. அவர்கள் வேறு ஊரிலிருந்து வருவார்கள், வேறு அதிகாரிக்குக் கட்டுப்பட்டவர்கள். கீமேனுக்குத் தண்டவாளம் மட்டும்தான். பயிற்சி முடியும்வரை பாலத்தையும் அதைத் தாண்டிய பாதையையும் அக்கரைக் கீமேன் பார்த்துக்கொண்டார். தூரத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளியாகத் தெரிந்து மறைவதைத் தவிர அவரோடு அவளுக்குப் பழக்கமில்லை.

ஆறாவது மாதம் சோதனை வைத்தார்கள். காலைப் பாசஞ்சருக்கும் அடுத்து வரும் கூட்ஸுக்கும் இடையில், பையோடும் சுத்தியலோடும் பாலத்தை ஆறு நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். இக்கரையில் கேங் மேஸ்திரி, அக்கரையில் கடிகாரத்தோடு இன்ஜினியர்.

பதினோரு கட்டை போனாள். பன்னிரண்டாவதற்குக் காலைத் தூக்கியபோது கீழே பார்த்துவிட்டாள். ஆறு நின்றுவிட்டது; பாலம் ஓட ஆரம்பித்தது. அப்படியே உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து கரைக்கு வந்தாள். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

இரண்டாம் முறை அக்கரை சேர்ந்தாள். ஒவ்வொரு கட்டையையும் பாதத்தின் நுனியால் தட்டிப் பார்த்து, ஒரு காலை வைத்து, பக்கத்தில் இன்னொரு காலையும் சேர்த்து வைத்து, அப்புறம் அடுத்த கட்டை. மாடிப்படி இறங்கப் பழகும் குழந்தையின் கணக்கு. இருபத்துமூன்று நிமிடம் ஆனது. அதற்குள் கூட்ஸ் வந்து சிக்னலில் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்த இன்னொரு பாசஞ்சரும் நின்றது. ஜன்னல்கள் முழுக்கத் தலைகள். வளைவில் நின்ற பெட்டியிலிருந்து ஒருவன், "அக்கா, இறங்கி வந்து தள்ளி விடவா?" என்று கத்தினான். பெட்டியே சிரித்தது. அன்று ஒட்டிக்கொண்டதுதான் அந்தத் தட்டிப் பார்க்கும் பழக்கம்.

இன்ஜினியர் கெட்டவர் இல்லை. கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "உங்களைக் குத்தம் சொல்லலம்மா. எனக்கே அதுல நடக்கத் தலை சுத்தும். ஆனா இந்த பீட்ல பாலம் இருக்கே. அடுத்த மாசம் இன்னொரு தடவை பாப்போம். முடியலைன்னா தலைமை அலுவலகத்துல இடம் இருக்கு. ஃபைல் எடுத்துக் குடுக்கிறது, தண்ணி வைக்கிறது. உக்காந்த வேலை."

தலைமை அலுவலகம் ஒரு பகல் முழுக்க ரயிலில் போகும் தூரம். போனால் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அங்கே ஒற்றை ஆளுக்குத்தான் அறை. மகளை அம்மாவிடம் விட வேண்டும். அம்மாவுக்கு இருப்பது தையல் மெஷின் வைத்த ஒரே அறை. மாமனாரை எங்கே விடுவது என்று யாரும் சொல்லவில்லை.

"என்னைப்பத்திக் கவலைப்படாதேம்மா. நான் தனியாச் சமாளிச்சுக்குவேன்" என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே. அது அவர் நெற்றியில் இருந்தது.

"தாத்தா, கண்ணாடி" என்றாள் மகள்.

"எங்க?"

"மேல."

அவர் அலமாரிக்கு மேலே தேடப் போனார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த சோதனைக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது.

மறுநாள் பாதையில் மேஸ்திரி கூடவே கொஞ்ச தூரம் வந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். அதற்குப் பதிலாக ஒப்பிட்டுப் பேசினார்.

"உன் வீட்டுக்காரன் நாலே நிமிஷத்துல தாண்டிருவாம்மா. நான் இந்தக் கரையில நின்னு பாத்திருக்கேன். ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை, எட்டி எட்டிப் போவான். மொதல்ல எல்லாரையும் மாதிரிதான் போய்ட்டிருந்தான். கடைசி ரெண்டு வருஷந்தான் இப்படி. எதுக்குடா இந்த வித்தைன்னு கேட்டா சிரிப்பான். ஆளு இத்தனூண்டு. பாலத்துல ஏறிட்டா வேற ஆளு."

"ஒண்ணு விட்டு ஒண்ணா?"

"ஆமா. நீதான் நெட்டையா இருக்கியே, உனக்கு அது பெரிய விஷயமா? நீ என்னடான்னா தட்டிக்கிட்டு நிக்கிற."

அன்று மாலை அவள் பெட்டியைத் திறந்து அவனுடைய காக்கிக் கால்சட்டைகள் மூன்றையும் எடுத்தாள். கவட்டுத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். தான் போட்ட நூல், அதன்மேல் தான் போட்ட இன்னொரு நூல். ஒன்றரையடி, ஒன்றரையடி, ஆக மூன்றடி. அவனுடைய காலுக்கு மூன்றடி என்பது கிழியும் தூரம். பாலத்தைத்தான் என்று அவன் சொன்னது விளையாட்டு இல்லை.

அடுத்த ஓய்வு நாளில் பாலத்தின் கரைக்குப் போய் நின்றாள். ஏறவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை வந்தபோதும் தண்ணீரைத்தான் பார்த்திருந்தாள். இந்தமுறை கட்டைகளைப் பார்த்தாள். முதல் கட்டை வெறுமையாக இருந்தது. இரண்டாவதின் நடுவில் ரூபாய் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்றாவதில் இல்லை. நான்காவதில் இருந்தது. ஆறாவதில், எட்டாவதில். அழுக்கேறி மங்கியிருந்தாலும் தெரிந்தது. கண்ணுக்கு எட்டும்வரை, ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை, பாலத்தின் நடுவே நேராக ஓடிய புள்ளிகள்.

குழாயடியில் இருந்த பெயிண்ட் டப்பா ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதன் மூடியை ஸ்பேனரால் நெம்பினாள். அடியில் உறைந்துபோன வெள்ளை. பிரஷின் வட்டத்தையும் பார்த்தாள். சந்தேகமே இல்லை. குட்டையான மனிதன் தன் காலுக்குக் குறி வைத்துக்கொண்டிருக்கிறான். கண் தண்ணீருக்குப் போகாமல் புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகும். பயம் அவனுக்கும் இருந்திருக்கிறது. அதை யாரிடமும் சொல்லாமல், ஒரு டப்பா பெயிண்டில் சரிசெய்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மேஸ்திரியிடம் புள்ளிகளைப்பற்றிக் கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் அது கேங் முழுக்கத் தெரிந்த விஷயமாகிவிடும். அவன் இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்ததை அவள் போட்டு உடைப்பானேன்?

சரக்கு இறக்காத பழைய பிளாட்பாரம் ஒன்று ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடந்தது. சாயங்காலம் மகளையும் மாமனாரையும் அங்கே கூட்டிப்போனாள். அம்மாவிடமிருந்து வாங்கிய அளவு நாடாவால் மூன்றடிக்கு ஒரு புள்ளி, சாக்பீஸால், மகள் வைத்துக்கொண்டே போனாள். மாமனார் கையில் கடிகாரம்.

"கால் புள்ளி மேலதான் விழணும். தள்ளி விழுந்தா ஆத்துல விழுந்த மாதிரி" என்றாள் மகள். விதிகளை அவளே போட்டாள்.

முதல் நாள் பத்துப் புள்ளிக்கு நாலு முறை ஆற்றில் விழுந்தாள். கால்கள் இரண்டடியிலேயே நின்றன. ஆறு மாதமாகக் கட்டை பழக்கிய கால்கள்.

"அம்மா, நீ சின்னச் சின்னதா வக்கிற."

"தெரியுதுடி."

"பெருசா வை. யாரும் திட்ட மாட்டாங்க. பாட்டி ஊருக்குப் போயிட்டாங்க."

மூன்றாம் நாள் இடுப்பு விட்டுக்கொடுத்தது. ஐந்தாம் நாள் கை வீச ஆரம்பித்தது. எட்டு நீளமானால் கை தானாக வீசும் என்பதை அவள் மறந்திருந்தாள். எட்டாம் நாள் பிளாட்பாரத்தின் கடைசிவரை ஒரு புள்ளியும் தவறாமல் போய்த் திரும்பினாள். எவ்வளவு ஆச்சு என்று மாமனாரிடம் கேட்டாள்.

"அஞ்சே கால்" என்றார்.

"அஞ்சே கால் நிமிஷமா? இவ்வளவு தூரத்துக்கா?"

"இல்லம்மா. மணி."

பிறகு பாலம். கூட்ஸ் போனபின், அக்கரைக் கீமேன் வருவதற்கு முன் கிடைக்கும் அரைமணி நேரத்தில், முதல் நாள் இருபது புள்ளி போய்த் திரும்பினாள். மறுநாள் ஐம்பது. தூணுக்கு ஒன்றாக இருந்த ஒதுங்கு மேடைகளில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்படி நின்றபோதுதான் கீழே மணல்திட்டில் ஒரு நிஜக் கொக்கைப் பார்த்தாள். அது ஆழமில்லாத தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கும், விரல்களை மடித்துக்கொள்ளும், தூக்கிய காலோடு அப்படியே நிற்கும். பின் அந்தக் கால் தூரத்தில், தண்ணீர் கலங்காமல் இறங்கும். எங்கே வைக்கப்போகிறது என்பது வைக்கும்வரை யாருக்கும் தெரியாது. சின்னப் பறவைகள் அதைச் சுற்றிக் குடுகுடுவென்று ஓடின. அவற்றுக்காக அது எட்டைக் குறைத்துக்கொள்ளவில்லை. தலை சுற்றாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது.

சோதனை நாளன்று மேகமூட்டம். பாசஞ்சர் போயிற்று. பாலத்துக்கு முன்னால் வேகம் குறை என்று மஞ்சள் பலகை இருந்ததால் அது எப்போதும்போல் ஊர்ந்துதான் போயிற்று. அக்கரையில் இன்ஜினியர் கையை உயர்த்தினார். இக்கரையில் மேஸ்திரி, "பாத்தும்மா" என்றார்.

அவள் சுத்தியலைத் தோளில் சரிசெய்தாள். முதல் கட்டையில் புள்ளி இல்லை. அதனால் கரையிலிருந்தே எட்டி இரண்டாவதில் கால் வைத்தாள். பிறகு நான்கு. பிறகு ஆறு. கட்டையைத் தட்டிப் பார்க்கவில்லை. அவன் வைத்த புள்ளியைத் தட்டிப் பார்ப்பது, அவன் சொன்ன பேச்சுக்குச் சாட்சி கேட்கிற மாதிரி. இருபதைத் தாண்டியதும் கை வீச ஆரம்பித்தது. நூறைத் தாண்டியபோது எண்ணுவதை விட்டுவிட்டாள். கட்டை சில இடங்களில் காலடியில் லேசாக மெத்தென்று அமுங்கியது. பழைய மரம், மழையில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பாவாடை தைத்த அம்மா, பெட்டிகளிலிருந்து பார்த்த முகங்கள், இரண்டடிக் கட்டைகள், யாரும் இங்கே இல்லை. ஊரிலேயே அவளுடைய எட்டுக்குச் சரியாக அளவெடுத்து வைத்த இடம் இது ஒன்றுதான் என்று தோன்றியது.

இன்ஜினியர் கடிகாரத்தைக் காட்டினார். நாலு நிமிடம் ஐம்பது விநாடி.

"என்னம்மா இது. போன தடவை வந்தது உங்க தங்கச்சியா?"

"இல்ல சார். நான்தான்."

திரும்பி அதே வழியாக வந்தாள். மேஸ்திரி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தவருக்கு எட்டு தெரிந்திருக்கும். எந்தக் கட்டையில் விழுந்தது என்று தெரிந்திருக்காது.

"அப்படியே அவன் நடைம்மா" என்றார்.

அவள் கொடிகளை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள். சரியாகத்தான் சுருட்டியிருந்தது. அதற்கு அப்புறம் மிச்சமிருந்த கிளிப்புகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

பீட் அவளுக்கே உறுதியாயிற்று. வீடு நிலைத்தது. அதன்பின் நாலு வருடம், விடுமுறை போக, தினமும் போக ஒருமுறை வர ஒருமுறை புள்ளிகளின் மேல் பாலத்தைக் கடந்தாள். மற்ற இடங்களில் எல்லாம் தட்டிப் பார்த்துத்தான் கால் வைத்தாள், பாலத்தில் மட்டும் தட்டவில்லை. பாதையில் இரண்டடி, பாலத்தில் மூன்றடி. எங்கே எது என்று கால்கள் தாமாகவே பிரித்துக்கொண்டன. தெருவில் மட்டும் சில நாள் குழம்பும். மகள் அப்போது கையைப் பிடித்து இழுப்பாள்: "அம்மா, இது பாலம் இல்ல."

நாலாவது வருடம் மழை மங்கிய ஒரு வாரத்தில், பழைய டப்பாவில் தின்னர் ஊற்றிக் கலக்கிக்கொண்டுபோய், அழிந்துவந்த புள்ளிகளின் மேல் அவளே புதிதாக வெள்ளை வைத்தாள். இருநூறு புள்ளி. இரண்டு ஓய்வு நாள் பிடித்தது.

அடுத்த கோடையில் பாலத்துறை ஆட்கள் வந்தார்கள். மரக்கட்டைகளை எடுத்துவிட்டு இரும்பு போடப்போவதாகவும், நடுவில் நடைத்தகடு வரப்போவதாகவும் சொன்னார்கள். புள்ளிக் கட்டைகளை முதலில் கழற்றிக் கரையில் அடுக்கினார்கள். அவள் நின்று பார்த்தாள். அவர்களின் தலைவன் ஒரு தடித்த மனிதன், கழுத்தில் ஈரத் துண்டு.

"அண்ணே, இதுல ஒண்ணு எனக்குக் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"சும்மா. வாசல்ல போட்டு உக்கார."

"இதையா? நல்ல கட்டை அந்தப் பக்கம் இருக்கும்மா, புள்ளியில்லாதது. அதுல ஒண்ணு கேட்டு வாங்கிக்க. இது விறகுக்குக்கூட ஆகாது."

கொடுக்க மனமில்லாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எண்ணிக்கொண்டு அவள் நடையைக் கட்டினாள். புதுப் பாலத்தில் நடைத்தகடு வழவழப்பாக இருந்தது. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். முதல் நாள் அவள் அதில் ஏறும்போது பாதத்தின் நுனியால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

இதெல்லாம் முடிந்து, அவளுடைய மகளும் படித்து வேலைக்குப் போன பிறகு, ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த அலுவலகத்தைக் காலி செய்தார்கள். கரையான் பிடித்த பதிவேடுகளைப் பிரித்து, வைக்க வேண்டியது, எரிக்க வேண்டியது என்று கட்டிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் கையில், அவளுடைய கணவன் பாதையில் பார்த்ததைக் குறித்து வைத்த பீட் புத்தகம் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் புதுப் புத்தகம் கொடுத்திருந்ததால், பழையதை யாரும் திறந்திருக்கவில்லை. அவன் இறப்பதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதியில், பென்சிலால், ஒரே சீரான குட்டைக் குட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

"போன முறை மாற்றாமல் விட்ட பழைய கட்டைகள் இருநூறும் உள்ளே இற்றுவிட்டன. பாலம் இன்ஸ்பெக்டர் சொன்னபடி அவற்றுக்கெல்லாம் இன்று வெள்ளைப் புள்ளி வைத்தேன். மாற்றும்வரை புள்ளி உள்ள கட்டையில் யாரும் கால் வைக்க வேண்டாம். முதல் கட்டையில் தொடங்கினால் மற்ற எல்லாம் நல்ல கட்டைதான். எட்டுவது கொஞ்சம் சிரமம்."